முகப்பில் ஓர் அயற்குரல்

புதினம் ஒன்றைக் கையில் எடுத்ததும் முதல் இயலுக்குத் தாவிவிடுவது நம்மிற் பலரது வழக்கம். தலைப்புப் பக்கத்துக்கும் முதல் இயலுக்கும் இடையில், வெற்றிடம் சூழ, வேறொருவர் எழுதிய சில வரிகள் நிற்பதுண்டு. நூலக முத்திரை விழுவதும் பல நேரங்களில் அவற்றின் மீதுதான். முகப்பு மேற்கோள் எனப்படும் அவ்வரிகளை வெறும் அணியென்றோ, ஆசிரியர் தம் படிப்பைக் காட்டிக்கொள்ளும் முயற்சியென்றோ எண்ணி ஒதுக்கிவிடுகிறோம். சில நூல்களில் அவை அத்தகையனவே என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும், நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் (1930–2013) முதல் புதினத்தை அவ்வாறு படிப்பவர் பெரிதும் இழக்கிறார் என்பது என் கருத்து.

‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ 1958ஆம் ஆண்டு இலண்டனில் வெளியாயிற்று. ‘சிதைவுகள்’ என்னும் பெயரில் தமிழிலும் வந்துள்ளது. அதன் தலைப்பும் முகப்பு மேற்கோளும் அயர்லாந்துக் கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ் 1919இல் எழுதிய ‘இரண்டாம் வருகை’ என்னும் கவிதையிலிருந்து எடுக்கப்பட்டவை. முதல் உலகப்போரால் நிலைகுலைந்த ஐரோப்பாவை எண்ணி எழுந்த கவிதை அது. வேட்டைக்குப் பழக்கிய பறவையொன்று, பழக்கியவனின் அழைப்புக்கு எட்டாத தொலைவுக்குச் சென்றுவிட்ட காட்சியுடன் தொடங்கி, ஒரு நாகரிகம் தன் பிடிமானத்தை இழப்பதைப் பேசுகிறது.

ஆப்பிரிக்கச் சிற்றூரின் கதையைத் தொடங்குவதற்கு ஐரோப்பியக் கவிஞர் எதற்கு? இக்போ மக்களின் பழமொழிகள் நூலெங்கும் விரவிக் கிடக்க, அவற்றுள் ஒன்றை முகப்பில் வைத்திருக்கலாகாதா? இவ்வினா நியாயமானதே. ஆள வந்தோரின் மொழியில் எழுதுவது தகுமா என்று கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ எழுப்பிய வினாவோடு இதுவும் உறவுடையது. எனினும், அச்செபே அவ்வரிகளை எவ்வாறு பயன்படுத்துகிறார் என்பதைக் கவனித்தல் வேண்டும். ஆப்பிரிக்காவில் ஒழுங்கு என்பதே இருந்ததில்லை, தாங்களே அதனைக் கொண்டுவந்ததாகக் குடியேற்ற ஆட்சியாளர் சொல்லிவந்தனர். அச்செபேயோ உமுவோஃபியா ஊரின் வழக்காடு மன்றம், திருவிழா, கிழங்குச் சாகுபடி, மணம் பேசும் முறை ஆகியவற்றைப் பொறுமையாக விவரித்து, முன்பே இருந்த ஒழுங்கை நம் கண்முன் நிறுத்துகிறார். அதன் பின்னரே மறைப்பணியாளரும் அதிகாரிகளும் வந்து சேர்கின்றனர். தன் நாகரிகம் சிதைவதாக அஞ்சிய ஐரோப்பாவின் சொற்களே, ஐரோப்பா சிதைத்த நாகரிகத்தின் கதைக்கு முகப்பாகிவிட்டன. யேட்ஸின் அயர்லாந்தும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாடே என்பதையும் இங்கு நினைவிற்கொள்ளலாம்.

இத்துடன் நின்றிருந்தால் அந்நியரைக் குற்றஞ்சாட்டும் நூலாக மட்டுமே அது அமைந்திருக்கும். அந்தப் பறவையை மீண்டும் எண்ணிப் பாருங்கள். கதைத்தலைவன் ஒக்கொங்வோவின் மூத்த மகன் நுவோயே, தந்தையின் குரலுக்கு எட்டாமல் விலகிக் கிறித்தவர்களுடன் சேர்ந்துவிடுகிறான். அவனை ஈர்த்தது சமய வாதமன்று, ஒரு பாடல். அவன் உள்ளத்தில் ஏற்கெனவே ஆறாத புண் இருந்தது. மூன்றாண்டுகள் தன் வீட்டில் உடன்பிறந்தானைப்போல் வாழ்ந்த இக்கெமெஃபுனா, ஊர்த்தெய்வத்தின் ஆணைப்படி கொல்லப்பட்டதை, அன்றிரவு தந்தை வீட்டினுள் நுழைந்ததுமே அவன் உணர்ந்துகொள்கிறான். வெட்டிய கைகளுள் தந்தையின் கையும் ஒன்று என்பது வாசகர்க்குத் தெரியும். காட்டில் எறியப்பட்ட இரட்டைக் குழந்தைகளின் அழுகுரலும் அவனை வாட்டியிருந்தது. வெள்ளையர் வருமுன்பே அவ்வீட்டில் விரிசல் விழுந்துவிட்டது.

பறவை கேளாமற் போனது அதன் பிழையா, அழைத்த குரலின் குறையா? முகப்பு மேற்கோள் இவ்வினாவை நம் கையில் கொடுத்துவிடுகிறது. நூலில் எவரும் முழுமையான விடை தருவதில்லை. தம்மவரைப் பிணைத்திருந்தவற்றை வெள்ளையர் அறுத்துவிட்டனர் என்ற பொருளில் ஒக்கொங்வோவின் நண்பர் ஒபியரிகா ஓரிடத்தில் பேசுகிறார். அங்கே தலைப்பின் சொற்கள் யேட்ஸை விட்டு நீங்கி, ஓர் இக்போ உழவரின் சொற்களாகிவிடுகின்றன.

1960இல் வெளிவந்த அச்செபேயின் இரண்டாம் புதினமான ‘நோ லாங்கர் அட் ஈஸ்’ தலைப்பையும் முகப்பையும் டி. எஸ். எலியட்டின் கவிதையிலிருந்து பெற்றது. இயேசுவின் பிறப்பைக் கண்டு திரும்பிய ஞானியர், சொந்த நாட்டிலேயே அயலாராகிவிடுவதைக் கூறும் கவிதை அது. இப்புதினத்தின் தலைவன் ஓபி, அந்த நுவோயேயின் மகன். இங்கிலாந்தில் படித்துத் திரும்பி, கையூட்டு வழக்கில் சிக்குபவன். மேற்கோள் கதைக்கு மிகச் சரியாகப் பொருந்துகிறது. அதனாலேயோ என்னவோ, முதல் நூலின் முகப்பைப்போல் அது என்னை அலைக்கழிப்பதில்லை.

முதல் புதினத்தின் இறுதிப் பக்கத்தையும் பார்ப்போம். ஒக்கொங்வோவின் சடலத்தைக் கண்டு திரும்பும் மாவட்ட ஆணையர், தாம் எழுதவிருக்கும் நூலில் இம்மனிதனுக்கு ஒரு பத்தி ஒதுக்கலாம் என எண்ணுகிறார். நைஜர் ஆற்றுப் பகுதியின் ‘நாகரிகமற்ற’ குடிகளை அடக்கியதைப் பற்றிய அந்நூலுக்குப் பெயரும் சூட்டிவிட்டார். அப்பெயருடன் புதினம் முடிகிறது. தொடக்கத்தில் ஐரோப்பியக் கவிஞரின் வரிகள். முடிவில் ஐரோப்பிய அதிகாரியின் நூற்பெயர். இவற்றின் நடுவே 25 இயல்களில் உமுவோஃபியா தன் கதையைத் தானே சொல்லியிருக்கிறது. முகப்பு வரிகளைத் தாண்டிச் சென்ற வாசகருக்கு இந்த அமைப்பின் ஒரு கரை மட்டுமே தென்படும்.