பிள்ளையின் நித்திரைக்கும் ஒரு ரோஸ்டர் வேண்டும்

கைக்குழந்தை உள்ள வீட்டுக்குப் போனால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது, "பிள்ளை இரவிலே நித்திரை கொள்ளுதோ?" என்றுதான். தாய் நித்திரை கொள்கிறாளா என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம். முதல் சில மாதங்களில் பிள்ளை எழும்புவதை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் யார் எழும்புவது என்பதை நாங்கள் முடிவு செய்யலாம்.

"எனக்கு இருபது வயது, இது எனக்கு எதற்கு?" என்று மூடிவிடாதீர்கள். துங்காபியில் இருக்கும் உங்கள் அக்காவுக்கோ, கிளென் வேவர்லியில் இருக்கும் மச்சாளுக்கோ நாளைக்கு ஒரு பிள்ளை பிறக்கும். அப்போது இது உங்களுக்கும் தேவைப்படும்.

பிறந்த பிள்ளை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் வரை நித்திரை கொள்ளும். கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆனால் அது துண்டு துண்டாகத்தான் வரும். வயிறு சின்னது, அடிக்கடி பால் வேண்டும். இரவு, பகல் என்ற உடம்பின் கணக்கு பிடிபடவே கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆகும். ஒரு நித்திரைச் சுற்று 40, 50 நிமிடங்கள்தான். இரண்டு சுற்றுகளுக்கு நடுவே பிள்ளை முனகும், நெளியும், சிணுங்கும். உடனே தூக்கினால் முழுதாக எழும்பிவிடும். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் பல தடவை தானாகவே திரும்ப உறங்கிவிடும்.

"ஊரிலே ஏணையிலே போட்டால் சரி, பிள்ளை படுத்திடும்" என்று அம்மம்மாமார் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் அங்கே வேலை செய்தது சீலை மட்டுமில்லை. ஏணையை ஆட்ட அம்மம்மா இருந்தா, சித்தி இருந்தா, பக்கத்து வீட்டு மாமி இருந்தா. பெற்றவள் படுத்திருந்தாள். வெண்ட்வர்த்வில்லில் இரண்டு அறை யூனிற்றில் இருப்பது இரண்டே பேர். அதில் ஒருவர் காலையில் ரயில் பிடிக்க வேண்டும். அத்தனை கைகள் செய்த வேலையை ஒருத்தியிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஏணையையும் இங்கே அப்படியே கட்ட முடியாது. ரெட் நோஸ் அமைப்பு சொல்வது தெளிவானது: பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், மெத்தை தட்டையாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும், முகமும் தலையும் மூடக்கூடாது, முதல் ஆறு மாதங்களாவது தாய் தகப்பனின் அறையிலேயே தனித் தொட்டிலில் படுக்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் இந்தப் பிரசாரம் தொடங்கியபின் ஆஸ்திரேலியாவில் குழந்தைகளின் திடீர் மரணம் 80 வீதத்துக்கும் மேல் குறைந்தது. மடியில் ஆட்டுங்கள், தாலாட்டுப் பாடுங்கள். உறக்கம் மட்டும் தொட்டிலில் இருக்கட்டும்.

இன்னொரு பேச்சும் உண்டு: "வெள்ளைக்காரர் பிள்ளையை அழ விட்டிடுவினம்." ஒரு காலத்தில் அது உண்மைதான். நியூசிலாந்தின் ட்ரூபி கிங் என்ற மருத்துவர் மணிக்கூட்டைப் பார்த்து நாலு மணிக்கொரு தடவை பால், இரவில் பால் இல்லை, கொஞ்சுவதும் குறைவு என்று போதித்தார். சிட்னியின் கரிட்டானே 1923இல் அவர் வழியில் தொடங்கியதுதான். அந்தக் கண்டிப்பு போய் வெகுகாலமாகிவிட்டது. இன்று கரிட்டானேயிலும், 1918இல் தொடங்கிய ட்ரெசிலியனிலும், மெல்பேர்னின் ட்வெடிலிலும் சொல்லித்தருவது பிள்ளையைப் பார்த்து நடப்பதை. கொட்டாவி, இறுகிய கைகள், வேறு பக்கம் திரும்பும் பார்வை எல்லாம் அலுப்பின் அடையாளம். அப்போதே வெளிச்சத்தைக் குறைத்து, கண் சொருகும் நேரத்தில் தொட்டிலில் வைத்து, மெல்லத் தட்டிக்கொடுங்கள். அடங்காமல் அழுதால் தூக்குங்கள். எங்கள் பாட்டிமாரும் தட்டித்தான் நித்திரையாக்கினார்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு, கொஞ்ச நேரம் விட்டு விட்டுப் போய் ஆற்றுவது, பக்கத்தில் இருந்து மெல்ல மெல்ல விலகுவது என்ற முறைகளும் உண்டு. ஏழு மாத வயதில் நித்திரைப் பிரச்சினை இருந்த 326 பிள்ளைகளை மெல்பேர்ன் ஆய்வாளர்கள் ஆறு வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். 2012இல் முடிவு வெளிவந்தது. இந்த முறைகளைப் பழக்கிய பிள்ளைகளின் மனநிலையிலோ, பெற்றோருடனான நெருக்கத்திலோ ஒரு பாதிப்பும் இல்லை. முதல் இரண்டு வருடங்களில் தாய்மாரின் மனச்சோர்வு குறைந்திருந்தது. ஆகவே, ஒரு தாய் இதைச் செய்தால் அவளைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்லாதீர்கள்.

இனி என் வாதம். நான் ஐடி வேலை செய்பவன். ஒரே ஆளை ஏழு நாளும் இரவு அழைப்புக்குப் போட்டால் அந்த சிஸ்டத்தை யாரும் நம்பமாட்டார்கள். வீட்டில் மட்டும் அதை ஏன் தாய்மை என்று புகழ்கிறோம்? எங்கள் மகள் பிறந்ததும் ஃபிரிட்ஜ் கதவில் ரோஸ்டர் ஒட்டினோம். இரவு எட்டு முதல் ஒரு மணி வரை நான், பிறகு மனைவி. என் நேரத்தில் எடுத்து வைத்த பாலைச் சூடாக்குவது, நப்கின் மாற்றுவது, தட்டிப் படுக்க வைப்பது எல்லாம் என் வேலை. மனைவிக்கு ஐந்து மணி நேரம் முறியாத நித்திரை கிடைத்தது. எந்தப் புத்தகத்தின் உத்தியும் எங்களுக்கு இந்தளவு உதவவில்லை.

இது வெறும் சௌகரியம் பற்றிய கதை இல்லை. ஆஸ்திரேலியாவில் ஐந்து தாய்மாரில் ஒருவரும், பத்துத் தகப்பன்மாரில் ஒருவரும் இந்தக் காலத்தில் மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ ஆளாகிறார்கள். களைத்துப்போய்ப் பிள்ளையை ஏந்தியபடி சோபாவிலேயே கண்ணயர்வது பிள்ளையின் உயிருக்கே ஆபத்து.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பிள்ளை பார்க்கப் போகும்போது உடுப்பு வாங்கிக்கொண்டு போவதோடு நிற்காதீர்கள். "அக்கா, இரண்டு மணித்தியாலம் நான் பார்க்கிறேன், நீங்கள் போய்ப் படுங்கோ" என்று சொல்லுங்கள். விக்டோரியாவில் 13 22 29 என்ற தாய்சேய் நல இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். அம்மம்மா தமிழில்தான் கதைப்பா என்றால் 131 450க்கு அழைத்து மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அந்த இலக்கங்களை இன்றைக்கே அக்காவின் ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். பக்கத்தில் ஒரு ரோஸ்டரும் ஒட்டி, அதில் உங்கள் பெயரையும் எழுதுங்கள்.