கொட்டிக்கிழங்கும் கொலைவாளும்

சென்ற மாதம் திருவண்ணாமலையில் நண்பர்கள் சிலர் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது அம்பிகாபதி கதை எழுந்தது. வழக்கம்போல வசை முழுவதும் ஒட்டக்கூத்தருக்கு. "கம்பர் பாவம், அவர் என்ன செய்வார்?" என்றார் மூத்த நண்பர் ஒருவர். அந்தப் 'பாவம்' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

இது கர்ணபரம்பரைக் கதை, வரலாறு அல்ல. கம்பர் வாழ்ந்தது 9ஆம் நூற்றாண்டா 12ஆம் நூற்றாண்டா என்பதிலேயே அறிஞர்கள் ஒருமித்ததில்லை. ஆயினும், ஒரு சமூகம் சலிக்காமல் சொல்லிவரும் கதை, அது யாரை மன்னிக்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

விருந்துக் காட்சியை நினைவுகூருங்கள். அமராவதி உணவு பரிமாற வருகிறாள். அம்பிகாபதி தன்னை மறந்து அவளைப் பாடிவிடுகிறான். சோழன் முகம் சிவக்கிறது. உடனே கம்பர், தெருவில் கொட்டிக்கிழங்கு விற்றுப்போகும் கிழவியைப் பற்றியது அப்பாட்டு என்று முடித்துவைக்கிறார். அவர் வாக்கைக் காப்பாற்றக் கலைமகளே கிழவியாக வந்தாளாம். இதைப் புலமையின் வெற்றி என்று இன்றும் மேடைகளில் கைதட்டிக் கேட்கிறோம்.

நான் அதைத் தோல்வி என்கிறேன். மகனுக்குத் தந்தையும் ஆசானுமாக இருந்தவர், அரசன் மதிக்கும் கவிஞர், "ஆம், இவர்கள் காதலிக்கிறார்கள், இதில் குற்றம் என்ன?" என்று கேட்டிருக்க வேண்டிய இடம் அது. சாமர்த்தியம் ஒரு வேளை உயிரைக் காத்தது. காதல் குற்றமே என்பதையும் சேர்த்து ஒப்புக்கொண்டது. பிறகு நடந்த நூறு பாடல் போட்டி, அந்த ஒப்புதலின் மேல்தான் நின்றது. காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிய பேதை மீது பழி விழுந்தது. நிபந்தனையே அநீதி என்று எவரும் சொல்லவில்லை.

இத்தனைக்கும் மிதிலையில் வில் முறியும் முன்பே இராமனையும் சீதையையும் கண்ணால் கலக்கவிட்டவர் கம்பர். வால்மீகியில் இல்லாத துணிவு அது. காவியத்தில் இருந்த துணிவு கதையின் கம்பருக்கு ஏன் இல்லை?

ஷேக்ஸ்பியரின் பாதிரியார் லாரன்ஸும் இவருக்கு உறவுதான். இரகசியத் திருமணம், மயக்க மருந்து என்று எல்லாத் தந்திரமும் செய்தவர், இரு குடும்பங்களையும் நேருக்கு நேர் நின்று கேட்கவில்லை. கல்லறையில் காவலர் வரும் ஓசை கேட்டதும் ஜூலியட்டைத் தனியே விட்டு ஓடினார். எல்லிஸ் ஆர். டங்கன் 1937இல் 'அம்பிகாபதி'யைப் படமாக்கியபோது ரோமியோ ஜூலியட்டின் சாயல் அதில் படிந்தது தற்செயல் அல்ல.

இந்த ஊருக்கு வேறொரு கதையும் உண்டு. தோற்ற புலவர்களின் காதை அறுத்துவந்த வில்லிபுத்தூராரை, அருணகிரிநாதர் கந்தரந்தாதியின் 54ஆம் பாடலால் வென்றாராம். வென்றவர் அவர் காதை அறுக்கவில்லை. அந்தத் தண்டனையையே நிறுத்தினார். அதுவும் கர்ணபரம்பரைதான். ஆனால் புலமை எதற்கு என்பதை அது சொல்கிறது: தண்டனையிலிருந்து நழுவ அல்ல, தண்டனையை ஒழிக்க.

2016இல் உடுமலைப்பேட்டையில், சாதி மாறி மணந்த இளைஞர் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். இத்தகைய இணையரைக் காக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் ஆணையிட்டது. ஆணைகள் வரும். ஆனால் அந்தப் பிள்ளைகள் முதலில் நம்பி வருவது ஓர் ஆசிரியரிடம், ஒரு மாமாவிடம், கவிதை எழுதும் ஓர் அண்ணனிடம். "கொஞ்ச நாள் வெளியூரில் இருங்கள், நான் பேசிப் பார்க்கிறேன்" என்கிறோம். ஊர்ப் பஞ்சாயத்தில் மட்டும் வாய் திறப்பதில்லை.

நண்பரே, நாம் கொட்டிக்கிழங்கு விற்றது போதும்.