பாரம் யார் தலையில்?

சீனன்குடாவிலிருந்து மாவும் சீமெந்தும் சுமந்து, கந்தளாய், ஹபரணை வழியாகக் கொழும்பு நோக்கிச் செல்லும் லொறிகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். எந்தத் துறைமுகத்திலும் லொறிக்காரருக்கு ஒரு சோதனை உண்டு. பொருளனுப்புவோர் தொன் கணக்கிற் கூலி பேசி, அதையும் குறைப்பர். எண்ணெய் விலையோ, தவணைப் பணமோ குறைவதில்லை. ஆகவே 10 தொன்னுக்கென அமைந்த லொறியில் 12 தொன் ஏறிவிடுகிறது.

இதனால் விளைவது யாது? மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த வீதிச் சோதனை, அச்சின் பாரம் இரு மடங்கானால் வீதியின் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் எனக் காட்டிற்று. பாரம் ஐந்திலொரு பங்கு கூடினாலே சேதம் இரட்டிக்கும்! அவ்வீதியைச் செப்பனிடுவது நமது வரிப்பணமன்றோ?

இறக்கத்தில் பிறேக் பிடியாவிடில் ஆபத்துக்குள்ளாவது சாரதியின் உயிர். வீதியில் மறிக்கப்படுபவரும் அவரே; கூலியைக் குறைத்தவர் அங்கே இருப்பதில்லை. மயிலிறகாயினும் அளவு மிஞ்சினால் அச்சு முறியுமென எச்சரித்தார் வள்ளுவர். ஏற்றியவரோடு, ஏற்றும் நிலைக்குத் தள்ளியவரும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே நாம் விடுக்கும் வேண்டுகோள்.