எல்லை தாண்டினால் மறையும் குழந்தை: மாற்றுத்திறன் கல்விக் கணக்கில் சாதியின் இடம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 கல்வி தொடர்பில் இரு கடமைகளை வரையறுக்கிறது. மாற்றுத்திறன் கொண்ட ஒவ்வொரு மாணவரின் பள்ளிப் பங்கேற்பும் கற்றல் முன்னேற்றமும் படிப்பு நிறைவும் கண்காணிக்கப்பட வேண்டும் என்கிறது பிரிவு 16. பள்ளி செல்லும் குழந்தைகளிடையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடத்தப்பட வேண்டும் என்கிறது பிரிவு 17. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19 அன்று. முதல் கணக்கெடுப்புக்கு அது அளித்த கெடு இரண்டாண்டு. இவ்விரு பிரிவுகளையும் சேர்த்துப் படித்தால், ஒரே குழந்தையை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் நீள்கால ஆய்வையே சட்டம் கோருகிறது என்பது எங்கள் வாசிப்பு. தலைகளை எண்ணுவதோடு அக்கடமை தீர்ந்துவிடாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு யுனெஸ்கோ 2019இல் வெளியிட்ட அறிக்கை, 5 முதல் 19 வயது வரையிலான மாற்றுத்திறன் குழந்தைகளில் 27 விழுக்காட்டினர் கல்வி நிலையத்தின் வாசலையே மிதிக்கவில்லை என்றது. 12 விழுக்காட்டினர் சேர்ந்து இடைநின்றவர்கள். அந்த 12 விழுக்காட்டினர் எந்த வகுப்பில், எதனால் நின்றனர், மீண்டும் வந்தனரா என்பதை ஒருநாள் கணக்கு சொல்லாது. அதே கணக்கெடுப்பின்படி மொத்த மக்கள்தொகையில் மாற்றுத்திறனாளிகள் 2.21 விழுக்காடு, பட்டியல் சாதியினரிடையே 2.45. சத்துக்குறைவும் காலந்தாழ்ந்த மருத்துவமும் ஆபத்தான உடலுழைப்பும் எந்தத் தெருக்களில் குவிந்திருக்கின்றன என்று அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது.

புதுச்சேரியின் மேட்டுப்பாளையத்தை எடுத்துக்கொள்வோம். (இப்பெயரைக் கேட்டதும் 2019 டிசம்பரில் சுவர் இடிந்து 17 பேர் மாண்ட கோவை மாவட்டத்து ஊர் நம் வாசகர்க்கு நினைவுக்கு வரும், இது வேறு ஊர்.) இங்குத் தொழிற்பேட்டை உண்டு. சில கிலோமீட்டர் தொலைவில் தமிழ்நாட்டு எல்லை. பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற துண்டு துண்டான நிலவமைப்பில், ஒரே சாலையில் செல்பவர் அறியாமலே ஆட்சி மாறிவிடுகிறது. விழுப்புரம் மாவட்டத்துச் சேரியொன்றிலிருந்து வேலை தேடி ஒரு குடும்பம் இங்குக் குடியேறுகிறது எனக் கொள்வோம். அக்குடும்பத்தில் செவித்திறன் குறைந்த ஒரு சிறுமி. அவளது மாற்றுத்திறன் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். சட்டமே அப்படிச் சொல்கிறது. சாதிச் சான்றிதழின் கதை வேறு. 1964ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை வெளிவந்த நாளில் புதுச்சேரியில் வசித்தவர்களும் அவர்தம் வழியினருமே இவ்வாட்சிப்பகுதியின் இடஒதுக்கீட்டுக்கு உரியவர்கள் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, அச்சிறுமி எல்லையின் இருபுறமும் மாற்றுத்திறனாளி. ஒருபுறம் மட்டுமே பட்டியல் சாதி. சாதிக் கொடுமைக்கு இத்தகைய எல்லை எதுவும் கிடையாது.

இடஒதுக்கீட்டுத் தகுதி பற்றிய அத்தீர்ப்பை, ஒரு பள்ளி தன் பதிவேட்டில் சாதியை எழுதாமலிருக்கக் காரணமாக்க முடியாது. தகுதி வேறு, கணக்கு வேறு. ஆயினும், எழுத்தர் அவளை எந்தக் கட்டத்தில் குறிப்பார்? பொதுப்பிரிவில் குறித்தால், அவள் இடைநிற்கும் நாளில் அது சாதியற்ற இழப்பாகவே பதிவாகும்.

யுடைஸ் தரவுத்தளம் 2022-23 முதல் மாணவர்வாரியாகத் திரட்டப்படுகிறது. ஊர் மாறினாலும் பின்தொடரும் நிரந்தரக் கல்வி எண்ணும் உண்டு. கருவி இருக்கிறது. ஆனால் பள்ளியில் சேராத குழந்தைக்கு அந்த எண் இல்லை. பிரிவு 17இன் ‘பள்ளி செல்லும் குழந்தைகள்’ என்ற சொற்றொடரை எழுத்துக்கு எழுத்து படித்தாலும் அதே குழந்தைகளே விடுபடுவர்.

இது இயலாத வேலையன்று. ஆந்திரம், தெலங்கானாவில் ‘யங் லைவ்ஸ்’ ஆய்வு ஏறத்தாழ 3,000 குழந்தைகளை 2002 முதல், சாதியையும் பதிவு செய்து, இடம்பெயர்ந்த குடும்பங்களைத் தேடிச் சென்றும் பின்தொடர்ந்து வருகிறது. அமெரிக்காவில் சிறப்புக் கல்வி பெற்ற 11,000க்கும் மேற்பட்ட பதின்வயதினரைப் பள்ளியிலிருந்து வேலை வரை ஏறத்தாழப் பத்தாண்டுகள் தொடர்ந்தது ஓர் அரசு ஆய்வு.

2027 கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படவிருக்கிறது. அதற்குக் காத்திராமல், புதுச்சேரி அரசு மேட்டுப்பாளையம் போன்ற தொழிற்பேட்டைக் குடியிருப்புகளில் வீடுவாரியாகப் பிரிவு 17 கணக்கெடுப்பைத் தொடங்க வேண்டும். பிறந்த மாநிலம் எதுவாயினும் குழந்தையின் சாதி அதில் எழுதப்பட வேண்டும். விழுப்புரம், கடலூர் மாவட்ட நிர்வாகங்களோடு பெயர்ப்பட்டியலை ஆண்டுதோறும் ஒப்பிட்டு, காணாமற்போன ஒவ்வொரு பெயருக்கும் காரணம் எழுத வேண்டும். முந்தைய கணக்கெடுப்புகள் நடந்திருந்தால் அவற்றைச் சாதிவாரியாக வெளியிடக் கோரித் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு அளிக்கலாம். பெற்றோர் எவரும் கட்டணமாகப் பத்து ரூபாயோடு அதைச் செய்யலாம்.