கோழி இறகுல காசு இருக்கா? மாடியில கூண்டு ஏத்தும் முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க

கள்ளிக்குப்பத்துல இப்போ மாடித் தோட்டத்துக்குப் பதிலா மாடிக் கூண்டு பார்க்க முடியுது. உள்ளே இருப்பது ஃபேன்ஸி கோழி. ஒவ்வொரு இறகுக்கும் புடவைக்குக் கரை போட்ட மாதிரி கறுப்பு ஓரம் இருக்கும். இதைத்தான் லேஸிங் என்கிறார்கள். செப்ரைட், வையண்டாட் எல்லாம் இந்த வகை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, நீலக் கரை போட்ட ஜோடி வாங்கி, குஞ்சு பொரிச்சு வித்தா நல்ல சைடு இன்கம் வருமே? ஒரு லட்சம் பர்சனல் லோன் அப்ரூவ் ஆயிடுச்சு."

என் பதில்: கோழி வளருங்க, லோன் மட்டும் வேண்டாம். ஏன்னு சொல்றேன்.

நீலச் சேவலையும் நீலப் பெட்டையையும் சேர்த்தால் எல்லாக் குஞ்சும் நீலமா வராது. சராசரியா பாதிதான் நீலம். கால் பங்கு கறுப்பு, மீதி கால் பங்கு 'ஸ்ப்ளாஷ்' என்கிற வெளிறிய நிறம். நூறு வருஷத்துக்கு முன்னாடியே பேட்சனும் பன்னெட்டும் அண்டலூசியன் கோழியை வச்சு விளக்கிய மரபியல் இது. அப்போ 20 குஞ்சு பொரிச்சா 10 நீலம். அதுலயும் பாதி சேவல். கையில் நிற்பது 5 நீலப் பெட்டை. அந்த அஞ்சுலயும் கரை சுத்தமா விழணும்.

இன்னொரு சிக்கல், குஞ்சு இறகில் கரை தெளிவா தெரியாது. பெரிய இறகு முளைக்க அஞ்சாறு மாசம் ஆகும். அதுவரை 20 கோழிக்கும் தீனி போடணும். ஒரு கோழிக்கு சராசரி நாளைக்கு 80 கிராம், 150 நாள், கிலோ 40 ரூபாய்னு வச்சுக்குவோம். மொத்தம் 9,600 ரூபாய். விலை போகும் ஒவ்வொரு பெட்டைக்கும் தீனிச் செலவு மட்டும் 1,920. கூண்டு, தடுப்பூசி தனி. வெள்ளைக்கழிச்சல் வந்தால் கூண்டே காலி.

லோனோ அடுத்த மாசமே ஆரம்பிச்சிடும். 14 சதவீத வட்டி, 3 வருஷம்னா இஎம்ஐ சுமார் 3,400. அடைகாக்க 21 நாள், வளர்க்க ஆறு மாசம். முதல் கோழி விற்கும் முன்னாடியே கிட்டத்தட்ட 24,000 ரூபாய் கட்டியிருப்பீங்க.

இதைவிட முக்கியமான கேள்வி, கடைசியில யார் வாங்குவாங்க? முட்டைக்கும் கறிக்கும் தினமும் ஆள் இருக்கு. இறகின் அழகுக்கு, இன்னொருத்தர் ஆசைப்படும் வரைதான் விலை. 1849-ல் பாஸ்டனில் நடந்த கோழிக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்காவில் கோழி மோகம் பிடித்து விலை தாறுமாறா ஏறியது. சில வருஷத்திலேயே அடங்கிடுச்சு. நம்ம ஊர்லயும் திண்டுக்கல் பக்கம் நடக்கும் கண்காட்சிகளில் கிளிமூக்கு விசிறிவால் சேவலுக்கு லட்சத்தில் விலை சொல்றாங்க. அந்த விலை பல வருஷம் வளர்த்து பேர் வாங்கினவருக்குக் கிடைக்கும். நேத்து கூண்டு வாங்கினவருக்கு இல்லை.

2012-ல் பெருந்துறை ஈமு கதையை அப்பா அம்மாகிட்ட கேளுங்க. அது மோசடி. ஃபேன்ஸி கோழி மோசடி இல்லை. ஆனா 'கடைசியில் வாங்குறது யார்?' என்ற கேள்வி இரண்டுக்கும் ஒன்றுதான்.

வரியும் இருக்கு. கோழி வளர்ப்பு வருமானம் விவசாய வருமானம் ஆகாது. தொழில் வருமானமா காட்டணும், ஐடிஆர்-1 போதாது.

அப்போ ஆசையை விட்டுடணுமா? வேண்டாம். எமர்ஜென்சி ஃபண்டும் எஸ்ஐபியும் போக, சினிமாவுக்கும் ஸ்விக்கிக்கும் ஒதுக்குற காசிலிருந்து ஆரம்பிங்க. குஞ்சு வாங்காதீங்க, கரை தெளிவா தெரியும் வளர்ந்த கோழியா பார்த்து வாங்குங்க. லேஸிங் உள்ள கறுப்பையும் ஸ்ப்ளாஷையும் சேர்த்தால் குஞ்சு எல்லாமே நீலமா வரும். அந்த ரெண்டையும் பெரும்பாலும் மலிவாவே தருவாங்க. பக்கத்திலேயே மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையம் இருக்கு. வளர்ப்பு பற்றி அங்கே கேளுங்க. முக்கியமா, வாடகை வீடுன்னா முதல்ல ஓனர்கிட்ட கேளுங்க. விடியற்காலை சேவல் கூவினா, விடிஞ்சதும் அவர் கூவுவார்!

லாபம் வந்தா சந்தோஷம். வரலைன்னாலும் மாடியில அழகா நாலு கோழி நிற்கும், தலையில இஎம்ஐ நிற்காது.