மகுடம் திரும்பும் வழி, மக்கள் திரும்பும் வழி

மண்டியா மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,



ஆண்டுதோறும் பங்குனியில் ஒரு நாள் காலை, உங்கள் மாவட்டக் கருவூலத்தின் கதவு மேல்கோட்டைக் கோயிலின் வைரமுடி என்னும் மகுடத்துக்காகத் திறக்கிறது. அதிகாரிகளும் கோயில் தரப்பாரும் முன்னிற்க, பெட்டி வெளியே வருகிறது. ஆயுதம் ஏந்திய காவலர் சூழ, ஸ்ரீரங்கப்பட்டணம், பாண்டவபுரம், ஜக்கனஹள்ளி வழியாக மேல்கோட்டை ஏறுகிறது. வழியில் ஊர் ஊராக மக்கள் ஆரத்தித் தட்டோடு காத்து நிற்கிறார்கள். பகல் வெளிச்சம் அந்த மகுடத்தின் மேல் படக் கூடாது என்பது மரபு. இரவில் அதைச் சாத்துகிற அர்ச்சகர் தம் கண்களைத் துணியால் கட்டிக்கொள்கிறார். அதன் பிறகு கருடன் மேல் உற்சவர் செல்வப்பிள்ளை வீதிக்கு வரும் அந்த ஒரு காட்சிக்காக, சில ஆயிரம் பேர் வாழும் அந்த மலையூரில் லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். விழா முடிந்ததும் மகுடம் அதே காவலோடு கருவூலத்துக்குத் திரும்புகிறது.

அந்த ஏற்பாட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மதிப்புதான் தோன்றுகிறது. பெட்டி யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது, எத்தனை மணிக்கு மாறியது என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை. எந்த நிமிடத்திலும் அதற்குப் பொறுப்பான ஒருவர் உண்டு. வைரமுடி சேவைக்கு வரும் ஒவ்வொரு மனிதருக்கும் இதே ஒழுங்கு கிடைக்க வேண்டும், குறிப்பாக அவர் வீடு திரும்பும் வழியில் கிடைக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

திரும்பும் வழியை ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 2011 ஜனவரி 14 அன்று இரவு சபரிமலைக்கு அருகே புல்மேட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் மகரஜோதியைக் கண்டு கும்பிட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தவர்கள். இறந்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் உண்டு. 2025 ஜனவரி 8 அன்று திருப்பதியில் ஆறு பேர் உயிரிழந்தது சந்நிதியில் நடக்கவில்லை. வைகுண்ட துவார தரிசன டோக்கன் கொடுக்கும் இடத்தில் நடந்தது. அதே ஆண்டு ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே, வாயிலருகே 11 பேர் நெரிசலில் இறந்தார்கள். இவற்றில் எதுவுமே விழாவின் நடுமேடையில் நிகழவில்லை. வாசலில், வரிசையில், இறங்கும் பாதையில் நிகழ்ந்தன. ஏற்பாட்டாளரின் கவனமெல்லாம் சாமி புறப்பாட்டிலோ மேடையிலோ குவிந்திருக்கும்போது, ஒரு துறையின் எல்லை முடிந்து இன்னொரு துறையின் எல்லை தொடங்கும் இடத்தில் உயிர் போகிறது.

மேல்கோட்டையில் அப்படிப்பட்ட இடங்கள் பல. கோயிலைச் சுற்றிய வீதிகள் பழைய ஊரின் அளவுக்கு அமைந்தவை. யோக நரசிம்மர் மலைக்குப் படி ஏறுபவரும் இறங்குபவரும் எதிரெதிரே வருகிறார்கள். கல்யாணிக் குளத்தின் நாற்புறமும் படிக்கட்டு; இருட்டில் வெளியூர்க்காரருக்கு எந்தப் படி எங்கே முடிகிறது என்று தெரியாது. வீதியில் நின்றிருப்பவர்களுக்கு நள்ளிரவைத் தாண்டும்போது கால் கடுக்கிறது, குழந்தை அழுகிறது, முதியவருக்குச் சர்க்கரை குறைகிறது. தரிசனம் ஆனவர் எல்லோருக்கும் அந்த நேரத்தில் ஒரே எண்ணம்தான்: பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சாமி இன்னும் வீதியில் இருக்கும்போதே ஒரு பெருங்கூட்டம் வெளியேறத் தொடங்குகிறது. பின்னால் வந்தவர்களோ உள்ளே நுழையப் பார்க்கிறார்கள். இரண்டு ஓட்டங்களும் ஒரே தெருவில் முட்டிக்கொள்ளும் அந்த வேளைதான் நான் அஞ்சும் வேளை. ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேர் நெருங்கிவிட்டால் அதற்குப் பிறகு நடப்பது யார் விருப்பத்திலும் இல்லை என்று கூட்ட நெரிசலை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். கால் வைக்கும் இடத்தைக்கூட அங்கே கூட்டம்தான் தீர்மானிக்கும்.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014-இல் மக்கள் பெருமளவில் கூடும் நிகழ்வுகளுக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. உங்கள் அலுவலகம் அதை அறியும். ஒவ்வோர் ஆண்டும் விழாவுக்கு முன் நீங்கள் கூட்டும் ஆயத்தக் கூட்டங்களையும் நான் மறக்கவில்லை. காவல்துறை, அறநிலையத்துறை, கே.எஸ்.ஆர்.டி.சி., மின்வாரியம், சுகாதாரத்துறை, பஞ்சாயத்து என்று அத்தனை பேரும் உட்காருகிறார்கள். என் கோரிக்கை அந்தக் கூட்டத்தின் முடிவைப் பற்றியது. தெருவின் எந்தப் பகுதிக்கு, எந்த மணியிலிருந்து எந்த மணிவரை, எந்த அதிகாரி பொறுப்பு என்பதை ஒரு வரைபடமாக விழாவுக்கு ஒரு வாரம் முன்பே ஊருக்குள் ஒட்டுங்கள், பத்திரிகைக்குக் கொடுங்கள். கூட்டம் மிஞ்சினால் மேலே வரும் வண்டிகளை ஜக்கனஹள்ளியிலேயே நிறுத்தச் சொல்லும் அதிகாரம் ஒரே ஒருவர் கையில் இருக்கட்டும். அந்த நேரத்தில் அவர் வேறு யாரிடமும் கேட்கத் தேவையில்லாமல் இருக்கட்டும்.

பொறுப்பைப் பெயர் சொல்லிப் பிரிப்பது புதுமையான யோசனை அல்ல என்பதை மேல்கோட்டைக்கே சொல்ல வேண்டியதில்லை. ராமானுஜர் திருவரங்கத்தில் கோயில் பணியைப் பத்துக் கொத்தாகப் பிரித்து, இன்ன வேலை இன்னாருக்கு என்று வகுத்ததைக் கோயிலொழுகு சொல்கிறது. மேல்கோட்டையாகிய திருநாராயணபுரத்தை விட்டுப் புறப்படும்போது ஐம்பத்திருவரை நியமித்து, இந்தக் கோயிலை அவர்கள் கையில் ஒப்படைத்தார் என்பது இந்த ஊர் மரபு. செல்வப்பிள்ளையை மீட்டு வர உதவிய, அன்று தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டிருந்த மக்களைத் திருக்குலத்தார் என்று அழைத்து, அவர்களுக்குக் கோயிலுக்குள் இடம் கொடுத்ததும் இங்கேதான் என்று அதே மரபு சொல்கிறது. வேலையைப் பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுத்த அவரே, வாசலையும் அகலமாக்கினார். இரண்டும் சேர்ந்துதான் அவருடைய நிர்வாகம்.

அதனால்தான் சிறப்பு அனுமதிச் சீட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. முக்கியஸ்தர் வரும்போது ஒரு வழி அடைக்கப்படுகிறது. அடைத்த வழியில் வந்துகொண்டிருந்த கூட்டம் வேறு எங்காவது சேர்ந்து நெருக்குகிறது. 1992 பிப்ரவரி 18 அன்று கும்பகோணம் மகாமகக் குளத்தில் ஏறத்தாழ 50 பேர் இறந்த நாளில் அன்றைய முதலமைச்சரும் அங்கே நீராட வந்திருந்தார். அந்தத் துயரத்துக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் அத்தனை பெரிய கூட்டத்தில் ஒருவருக்காக இடம் ஒதுக்கினால் அந்த இடம் மற்றவர்களிடமிருந்துதான் போகும் என்பதில் சந்தேகமில்லை. வைரமுடி இரவில் சீட்டுகளின் எண்ணிக்கையை நீங்கள் கறாராகக் குறைத்தால் சிலருக்கு வருத்தம் வரும். அந்த வருத்தத்தை நீங்கள் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் ஐயா.

ஒலிபெருக்கியைப் பற்றி ஒரு வேண்டுகோள். அறிவிப்பு கன்னடத்தில் முதலில் வருவதுதான் முறை. அதைத் தொடர்ந்து தமிழிலும் தெலுங்கிலும் வரட்டும். திருவரங்கத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வருகிற மூதாட்டிகள் பலருக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. திவ்விய பிரபந்தம் ஒலிக்கும் ஊர் என்ற நம்பிக்கையில் தனியாகவே கிளம்பி வருகிறார்கள். நெரிசலில் ‘இடது பக்கம் போகாதீர்கள்’ என்பது அவர்கள் காதில் விழுந்தால் போதாது, புரிய வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. ஊரிலேயே தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. அறிவிப்பாளராக நிற்க அவர்களில் எத்தனையோ பேர் முன்வருவார்கள்.

பஸ் விஷயம்தான் எல்லாவற்றிலும் எளிதில் சரிசெய்யக்கூடியது. ஏறும்போது எத்தனை வண்டிகள் தேவைப்பட்டனவோ அத்தனையும், விடியும்வரை, இறங்கவும் வேண்டும். மைசூருக்கு, மண்டியாவுக்கு, பெங்களூருக்கு என்று புறப்படும் இடங்கள் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று தள்ளி அமையட்டும். காலை ஆறு மணிவரை வண்டி உண்டு என்று உறுதியாகத் தெரிந்துவிட்டால் யாரும் நள்ளிரவில் முண்டியடிக்க மாட்டார்கள். காத்திருக்க ஒரு பந்தல், குடிநீர், பெண்களுக்கு விளக்கும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை இருந்தால் பாதிக் கூட்டம் அங்கேயே உட்கார்ந்து விடியலுக்குக் காத்திருக்கும். கழிப்பறை இல்லை என்பதற்காகவே பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் வந்து நிற்கும் பெண்கள் எல்லாத் திருவிழாக்களிலும் இருக்கிறார்கள். மயங்கி விழுபவர்களில் முதலில் விழுபவர்கள் அவர்கள்தான்.

மின்கம்பியைப் பற்றி நினைவூட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். புறப்பாட்டு வழி முழுவதையும், தற்காலிக விளக்குகளுக்காக இழுத்த வயர்கள் உட்பட, முந்தின நாள் பகலில் ஒருவர் நடந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

கூட்டம் கலைந்த பிறகும் ஊர் இருக்கிறது. மேல்கோட்டையைச் சுற்றியுள்ள காடு 1974-இல் ஓநாய்களுக்காக அறிவிக்கப்பட்ட சரணாலயம். அன்னதானத் தட்டும் தண்ணீர்ப் பாட்டிலும் காற்றில் அங்கே போய்ச் சேர்கின்றன. வாசல் கோலத்தை மிதித்தாலும் முகம் சுளிக்காமல் வந்தவர்களைத் திண்ணையில் உட்காரச் சொல்லும் ஊர்க்காரர்கள்தான் மறுநாள் அந்தக் குப்பையோடு வாழ வேண்டும். துப்புரவுப் பணியாளர்களைக் கூடுதலாக அனுப்பும்போது அவர்களுக்குக் கையுறையும் உணவும் அந்தக் கூடுதல் நாள்களுக்கான கூலியும் சேர்த்தே அனுப்புங்கள்.

கடைசியாக ஒன்று. விழா முடிந்து ஒரு மாதத்துக்குள் மேல்கோட்டையிலேயே ஒரு கூட்டம் நடத்துங்கள். ஆயத்தக் கூட்டத்தில் உட்கார்ந்த அதே துறைகள் வரட்டும். கூடவே கோயில் கைங்கர்யத்தார், திருக்குலத்தார், கடைக்காரர்கள், பஸ் ஓட்டுநர்கள், வீதியில் நின்ற காவலர்கள், துப்புரவுப் பெண்கள் ஆகியோரும் பேசட்டும். எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு மூச்சு முட்டியது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அதை எழுதி வைத்து அடுத்த ஆண்டின் ஆயத்தக் கூட்டத்தில் முதலில் படியுங்கள். ஆட்சியர்கள் மாற்றலாகிப் போவார்கள். அந்தக் கோப்பு உங்களுக்குப் பின் வருபவர் மேசையில் இருக்கும்.

இப்படிக்கு,
திருநாராயணபுரத்துக்கு ஆண்டுதோறும் வரும் ஓர் அடியவன்,
மைசூர்.