வேலியில்லாத சதுக்கம்

டெட்ராய்ட் நகரத்தின் ஆற்றங்கரையில் ஹார்ட் பிளாசா என்றொரு சதுக்கம் இருக்கிறது. பதினான்கு ஏக்கர் கான்கிரீட் வெளி. சிற்பி இசாமு நொகுச்சி வடித்த நீரூற்று, கீழிறங்கும் படிக்கட்டுகள், பள்ளத்தில் அமைந்த அரங்கு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடாவின் வின்ட்சர் நகரம். 2000ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் மூன்று நாள் இங்கே ஒரு மின்னிசைத் திருவிழா நடந்தது. கட்டணம் இல்லை, வேலியும் இல்லை. பத்து லட்சம் பேர் வந்தார்கள் என்று அப்போது சொல்லப்பட்டது. இடத்தின் அளவைப் பார்த்தால் நம்ப முடியாத கணக்கு அது. ஆனால் வந்தவர்கள் யார் என்பதில் ஐயமில்லை. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்த தாய்மார்கள், பொழுதுபோக்க ஆற்றங்கரைக்கு வந்த முதியவர்கள், டெக்னோ என்றால் என்னவென்றே தெரியாதவர்கள். ஐரோப்பாவிலிருந்து விமானம் ஏறி வந்த ரசிகர்களுக்குப் பக்கத்தில் இவர்களும் நின்று கேட்டார்கள்.

ஊர்க்காரர்கள் நின்று கேட்டதுதான் அந்த மூன்று நாளின் பெரிய செய்தி. ஏனெனில் அந்த இசை அவர்களுடையது. அவர்களுக்குத்தான் அது போய்ச் சேரவில்லை. அருகிலுள்ள பெல்வில் ஊரின் பள்ளியில் படித்த ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள் எண்பதுகளில் டிரம் மெஷினையும் சின்தசைசரையும் வைத்து உருவாக்கியது அது. 1988இல் பிரிட்டனில் ஒரு தொகுப்பு இசைத்தட்டு வெளியாகி, 'டெக்னோ' என்ற பெயரையும் இந்த ஊர்ப் பெயரையும் உலகம் முழுக்கக் கொண்டுசென்றது. அதே ஆண்டு சாண்டர்சனின் இன்னர் சிட்டி குழு, இயந்திரத் தாளத்தின் மேல் ஒரு சோல் பாடகியின் குரலை ஏற்றி பிரிட்டனின் முதல் பத்துப் பாடல்களுக்குள் நுழைந்தது. பெர்லினில் இவர்களுக்காகக் கூட்டம் அலைமோதியது. சொந்த ஊரில் தெருவில் நடந்தால் அடையாளம் தெரியாது. பன்னிரண்டு ஆண்டு கழித்து ஒரு நகரம் தன் பிள்ளைகளின் பாட்டைக் கேட்டது, வாசலில் சீட்டுக் கிழிப்பவர் யாரும் இல்லாததால்.

இலவச நிகழ்ச்சி என்பதை நாம் சலுகையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். காசில்லாதவருக்கு இரக்கப்பட்டுத் தருவது என்ற எண்ணம். டெட்ராய்ட்டின் கதை வேறொன்றைச் சொல்கிறது. அந்த ஊரின் இசையே கட்டணமில்லாமல் கிடைத்தவற்றிலிருந்து முளைத்தது.

மோட்டவுன் பாடல்களின் அடியில் ஓடும் பேஸ் கிட்டாரை வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். அவர் பேஸ் வாசிக்கக் கற்றது நார்த்வெஸ்டர்ன் உயர்நிலைப்பள்ளியில், ஓர் அரசுப் பள்ளியில். கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெரி கார்டி, குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி 1959இல் தொடங்கிய இந்த மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்துக்கு அப்படிப்பட்ட பள்ளிகளும் தேவாலயப் பாடற்குழுக்களும்தான் ஆள் தயாரித்துக் கொடுத்தன. 1972இல் மோட்டவுன் லாஸ் ஏஞ்சலீஸுக்குப் பெயர்ந்தது. அதற்கு ஐந்து ஆண்டு முன்பே கலவரத்தில் நகரம் எரிந்திருந்தது. 1950இல் பதினெட்டு லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை, இந்தத் திருவிழா நடந்தபோது பத்து லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது.

ஆனாலும் வானொலி இருந்தது. எலெக்ட்ரிஃபையிங் மோஜோ என்ற பெயரில் ஒருவர், பொதுவில் முகத்தைக் காட்டாமல், இரவுகளில் பாட்டுப் போட்டார். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க், ஜார்ஜ் கிளின்டனின் ஃபங்க், பிரின்ஸ், எல்லாம் ஒரே நிகழ்ச்சியில் அடுத்தடுத்து வரும். இன்ன நிறத்தவர் இன்ன இசையைத்தான் கேட்பார் என்ற கணக்கை அவர் தூக்கி எறிந்தார். பெல்வில் இளைஞர்கள் கேட்டு வளர்ந்தது இந்த வானொலியைத்தான். இசையில் இயந்திரமும் ஆன்மாவும் ஒன்றையொன்று விலக்கும் என்ற எண்ணம் அவர்களிடம் இல்லாமல் போனதற்கு மோஜோவுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பிறகு அக்கம்பக்கம். கானன்ட் கார்டன்ஸ் பகுதியில் ஆம்ப் ஃபிட்லர் என்ற கீபோர்டு கலைஞர் இருந்தார்; கிளின்டனின் குழுவில் வாசித்தவர்; அருமையான சோல் பாடகர். தெருப் பையன்களுக்குத் தன் வீட்டைத் திறந்துவிட்டிருந்தார். அங்கே வந்து எம்பிசி என்ற சாம்பிளர் கருவியில் கைவைக்கக் கற்றவர்களில் ஜேம்ஸ் யான்சி என்ற இளைஞனும் ஒருவன். உலகம் அவனை ஜே டில்லா என்று அறிகிறது. கருவி தரும் கறாரான தாளக் கட்டத்தைவிட்டு இம்மியளவு முன்னும் பின்னும் தட்டி, இயந்திரத்துக்கு மனித நடையைக் கற்றுக்கொடுத்தவன். 2006இல் 32 வயதில் இறந்தான். அவன் பயன்படுத்திய எம்பிசி இன்று வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஃபிட்லர் 2023இல் மறைந்தார். அவர் அந்தக் கதவைச் சாத்தியிருந்தால் இன்றைய சோல் இசையின் தாளமே வேறாக இருந்திருக்கும்.

பள்ளி, வானொலி, பக்கத்து வீடு. இந்த வரிசையில் கடைசியாக வந்தது ஹார்ட் பிளாசா. அதன் கதை நீளமில்லை. திருவிழாவைக் கலை நோக்கில் வடிவமைத்த கார்ல் கிரெய்க் இரண்டாம் ஆண்டு விழாவுக்குச் சற்று முன்பே நீக்கப்பட்டார். அந்த ஆண்டு ஒரு கார் மாடலின் பெயர் விழாவின் பெயருக்கு முன்னால் ஏறிக்கொண்டது. 2003இல் நகராட்சியின் பணம் இல்லை. டெரிக் மே தன் கைப்பணத்தைப் போட்டு நடத்தினார். கலைஞனின் கைப்பணம் எத்தனை ஆண்டு தாங்கும்? 2005இல் சதுக்கத்தைச் சுற்றி வேலி வந்தது, வாசலில் கட்டணம் வந்தது. 2006 முதல் வேறொரு நிறுவனம் 'மூவ்மென்ட்' என்ற பெயரில் நடத்துகிறது, நன்றாகவே நடத்துகிறது. வேலி போட்டவர்களைப் பேராசைக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். கலைஞர்களுக்குச் சம்பளம் தர வேண்டும், ஒலிபெருக்கிக்கு வாடகை தர வேண்டும்.

ஆனால் வேலியால் முதலில் இழப்பவர் புதிய கலைஞர். சீட்டு வாங்கியவர் யாரைக் கேட்கப் போகிறோம் என்று தீர்மானித்துவிட்டு வருகிறார். கொடுத்த காசுக்குப் பெரிய பெயர்களைத் தேடுவது அவருடைய நியாயம். மதிய வெயிலில், முதல் இசைத்தட்டைக்கூட இன்னும் வெளியிடாத ஒரு பெண் தன் லேப்டாப்போடும் குரலோடும் மேடையேறும்போது அவளுக்குத் தேவைப்படுபவர் வேறு மனிதர். வேறெங்கோ போய்க்கொண்டிருந்தவர். நின்று பார்ப்பதால் எதையும் இழக்காதவர். பிடிக்காவிட்டால் விலகிப் போவார், பிடித்துவிட்டால் நாளை அவள் பெயரை நாலு பேரிடம் சொல்வார். அந்த வழிப்போக்கரை எந்த விளம்பரத்தாலும் வரவழைக்க முடியாது. திறந்த வெளி மட்டுமே அவரைக் கொண்டுவரும்.

முடியாத காரியமா இது? அதே ஆற்றங்கரையிலும் நகர மையத்திலும் 1980இல் தொடங்கிய ஜாஸ் திருவிழா பதில் சொல்கிறது. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் தொழிலாளர் தினத்தை ஒட்டி நடக்கும் விழா அது. அதுவும் பணமில்லாமல் தள்ளாடியது. கிரெட்சன் வலாட் என்ற அம்மையார், தொழிலாளர் உடை தைத்து விற்ற கார்ஹார்ட் குடும்பத்தின் வாரிசு, ஒரு கோடி டாலரை அறக்கட்டளை நிதியாக வைத்துக்கொடுத்தார். அவர் 2022இல் மறைந்தார்; விழாவுக்கு இன்றும் சீட்டு இல்லை. விளம்பரதாரர் கொடுக்கும் பணம் அடுத்த ஆண்டு வராமல் போகலாம், வந்தால் பெயரைக் கேட்கும். முதலாக வைத்துவிட்டுப் போன பணம் கேள்வி கேட்காமல் மேடை போடும். சந்தாவையும் ஒரு பக்க விளம்பரத்தையும் நம்பிச் சிற்றிதழ் நடத்துகிறவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

வசதி படைத்தவர்கள் இசைக்கு ஏதாவது செய்ய விரும்பினால் அரங்கம் கட்டிப் பெயர் பொறிக்க வேண்டாம். ஒரு திறந்தவெளி மேடைக்கு ஆண்டுதோறும் வட்டி வருமாறு முதல் வையுங்கள். மற்றவர்கள், எந்த ஊரில் இருந்தாலும், கட்டணமில்லாத மேடையொன்று கண்ணில் பட்டால் பெரிய பெயர் வரும் இரவுக்குக் காத்திராமல் மதியமே போங்கள். முதலில் மேடையேறுபவர் முடிக்கும்வரை நில்லுங்கள். அவர் இசைத்தட்டு வைத்திருந்தால் விலை கொடுத்து வாங்குங்கள்.